செவலைப் பூனையும் சாமிச் சித்தாடையும்

நம் வீட்டுப் பூனை ஏன் வெளுத்து மடித்து வைத்த துணியை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கழற்றிப் போட்ட சட்டையைத் தேடிப் போய்ப் படுக்கிறது என்று நேற்றுச் சின்னவள் கேட்டாள். அதற்கு மூளை கிடையாது என்று பெரியவன் பதில் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். எனக்குக் கை பரபரத்துவிட்டது. இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் நான் பதில் கண்டுபிடித்திருக்கிறேன். கண்டுபிடித்ததோடு நிற்காமல் ஊரைக் கூட்டி மெய்ப்பித்தும் காட்டினேன். அந்தப் பதிலாலேயே உங்கள் அம்மாவுக்குத் திருட்டுப் பட்டம் கிடைக்க இருந்தது. அந்தக் கதையை உங்களுக்கு நான் சொன்னதில்லை. எட்டாவதோடு ஏர் பிடிக்க வந்தவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

உங்கள் அம்மா கலியாணமாகிச் சிக்கலுக்குப் பக்கத்திலிருக்கிற நம் ஊருக்கு வந்தபோது நாடு சுதந்திரம் அடைந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய ஊர் காரங்காட்டுக்குப் பக்கத்தில், கடலோரம். அவர்களும் நம்மைப் போல உழுது பிழைக்கிற சம்சாரிகள்தான், ஆனால் அந்தப் பக்கத்து வீடுகளில் மீன் இல்லாத சோறு கிடையாது. பெண்ணை அழைத்து வந்த வண்டியில் பித்தளைக் குடம், பாய், தலையணை, தகரப் பெட்டி எல்லாம் வந்தன. அவற்றோடு மூடி போட்ட ஒரு பனையோலைக் கொட்டானும் வந்தது. எல்லாவற்றையும் இறக்கி முற்றத்தில் வைத்தோம். வைத்த இடத்திலிருந்து கொட்டான் ஒரு சாண் தானாக நகர்ந்தது!

சுற்றி நின்ற பெண்கள் விலகினார்கள். கொட்டான் இன்னும் ஒரு சாண் நகர்ந்தது. மூடி சாய்ந்தது. செவலை நிறத்தில் ஒரு சின்னத் தலை வெளியே எட்டிப் பார்த்து, மாலையும் கழுத்துமாக நின்ற உங்கள் அம்மாவைக் கண்டதும் ஓடிவந்து கூரைச்சேலையைப் பிடித்து ஏறிவிட்டது. என் ஆத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "சீர்வரிசையில பூனைக்குட்டியைச் சேத்து அனுப்புன சம்பந்தி வீட்டை இப்பத்தான் பாக்கேன்."

அந்தக் குட்டி கண் திறக்கும் முன்னே அதன் தாயை நாய் கடித்துவிட்டதாம். உங்கள் அம்மாதான் அதை மடியில் போட்டு, பழஞ்சேலையின் ஓரத்தைத் திரியாகத் திரித்து, ஆட்டுப்பாலில் நனைத்து நனைத்து வாயில் வைத்து வளர்த்திருக்கிறாள். அவள் இல்லாவிட்டால் அது உண்ணாது என்று அவளுடைய அய்யா எங்களிடம் கெஞ்சுவது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

பூனை வளர்ந்தது. வளர்ந்தும் அதன் புத்தி மாறவில்லை. உங்கள் அம்மா உட்கார்ந்த மாத்திரத்தில் மடியில் ஏறும். முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றிச் சேலையில் அழுத்தும், மாவு பிசைகிறவள் கைபோல. கண் மூடிக்கொள்ளும். தொண்டைக்குள் திருகை சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு முந்தானை ஓரத்தை வாயில் வைத்துச் சப்பும். சப்பிச் சப்பி அந்த இடமே நனைந்துவிடும். அவள் வேலையாகப் போய்விட்டால் அவள் அவிழ்த்துப் போட்ட சேலையின் மேல் இதே கூத்தை நடத்தும்.

அண்ணன் அப்போது இலங்கையில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அண்ணி எங்களோடு இருந்தார். பூனைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பது அண்ணியின் கட்சி. ஆத்தாவின் கவலை வேறு. அந்தக் காலத்தில் பெண்களுக்கு வருஷத்துக்கு இரண்டு சேலை கிடைத்தால் பெரிது. பூனை நகத்தால் நூலை இழுத்து வீட்டுத் துணி பூராவையும் கந்தலாக்கிவிடும், இதைக் கொண்டுபோய்க் களத்தில் விட்டுவிடு என்று என்னிடம் சொன்னாள். உங்கள் அம்மா அன்று சாப்பிடவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பூனை எல்லாத் துணியையும் கெடுக்கவில்லையே! அவளுடையதை மட்டும்தானே பிசைகிறது? வாயால் சொன்னால் ஆத்தா நம்பமாட்டாள். கண்ணால் காட்டினால்?

மறுநாள் மத்தியானம் முற்றத்தில் நீளப் பாயை விரித்தேன். என் அய்யாவின் தலைத்துண்டு, ஆத்தாவின் சேலை, அண்ணியின் சேலை, என் வேட்டி, ஒரு கோணிச்சாக்கு, உங்கள் அம்மாவின் வெளுத்து வந்த சேலை, அவள் முந்தின நாள் உடுத்திய சேலை என்று வரிசையாக வைத்தேன். அவளைக் கிணற்றுக்கு அனுப்பிவிட்டேன். பூனையைக் கொண்டுவந்து பாயின் ஓரத்தில் விட்டேன். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற மாதிரி அதன் முகத்தைப் பார்த்தேன்.

அய்யாவின் துண்டை மோந்தது, தாண்டியது. ஆத்தாவின் சேலையைத் தாண்டியது. என் வேட்டியின் மேல் ஒரு கால் வைத்தது, பிறகு எடுத்துக்கொண்டது. வெளுத்த சேலையைக் கொஞ்ச நேரம் மோந்து பார்த்துவிட்டு, கடைசியில் இருந்த உடுத்திய சேலையில் ஏறிப் பிசைய ஆரம்பித்தது!

வரிசையை மாற்றி வைத்தேன். அதே சேலைக்குத்தான் போனது. மறுநாளும் வைத்தேன். அய்யாவுக்கு இதில் பித்துப் பிடித்துவிட்டது. கமலையில் தண்ணீர் இறைப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து, "ஏலே, சேலையைச் சாக்குக்குள்ள ஒளிச்சு வச்சுப் பாப்பம்" என்றார். ஒளித்து வைத்தோம். பூனை நேரே சாக்குக்குள் தலையை விட்டு, பிறகு உடம்பையும் விட்டு, உள்ளேயே படுத்துக்கொண்டது. சாக்குக்குள்ளிருந்து அந்தத் திருகைச் சத்தம் வந்தது. அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். மூன்றாம் நாள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

அத்தனை பேர் முன்னாலும் நான் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னேன்: "இது துணியைத் தேடலை, ஆளைத் தேடுது. அவ உடம்புல படாத துணி எதுலயும் இது படுக்காது. பந்தயம் கட்டுறேன்."

எப்படி அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. கொடியில் காற்றுக்கு ஆடுகிற வேட்டியின் நுனியைப் பூனை பாய்ந்து பாய்ந்து பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அசைகிறதெல்லாம் அதற்கு எலி. மார்கழிப் பனியில் அய்யாவின் கம்பளிக்குள் அது சுருண்டு கிடப்பதையும் பார்த்திருக்கிறேன்; அது சூட்டுக்காக. வெயிலில் காய்ந்து எடுத்த போர்வை யாருடையதானாலும் அதன் மேல் வந்து உட்காரும். இவ்வளவையும் பார்த்தும், நான் கண்டுபிடித்த ஒன்றே எல்லாவற்றுக்கும் பதில் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் கண் மறைந்துவிட்டது.

ஆத்தா பூனையை வைத்துக்கொள்ளச் சம்மதித்தாள். உங்கள் அம்மா அன்று எனக்குச் சோறு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் பெரிய ஆளாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இனி நம் வீட்டுச் சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மூத்தவள் ஒரு அக்கா. பத்து வயதில் அம்மை போட்டுப் போய்விட்டாள். கன்னியாகப் போன பிள்ளையை வீட்டுச் சாமியாகக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம், உங்களுக்குத் தெரியும். தை மாதக் கடைசி வெள்ளியில் அவளுக்குப் புதுச் சித்தாடை வைத்துப் படைப்போம். சிறு பெண்கள் உடுத்துகிற சின்னச் சேலைதான் சித்தாடை. துணி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து படையல் முடியும்வரை வீட்டில் கவிச்சி ஆகாது. மீன், கறி, முட்டை ஒன்றும் கூடாது. அந்தத் துணியை வேறு யாரும் உடுத்திப் பார்க்கக்கூடாது, தோளில் போட்டும் பார்க்கக்கூடாது. படையல் முடிந்ததும் போன வருஷத்துச் சித்தாடையை எடுத்து, வீட்டில் உண்டாகியிருக்கிற பெண் இருந்தால் அவள் மடியில் ஆத்தா போடுவாள். பிறக்கிற பிள்ளையை முதன்முதலில் அதில்தான் கிடத்துவார்கள்.

அந்தத் தை மாதம் உங்கள் அம்மாவுக்கு மூன்றாம் மாதம். பெரியவனே, வயிற்றில் நீதான் இருந்தாய். வந்து ஒரு வருஷமாகியும் அந்த வீட்டில் வாய் திறந்து பேசாதவள், போன வருஷத்துச் சித்தாடை தன் மடியில் விழப்போகிற வெள்ளிக்கிழமையை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

முந்தின வெள்ளியன்று நான் பஸ் ஏறி ராமநாதபுரம் போய் மஞ்சளில் சிவப்புக் கரை போட்ட சித்தாடை வாங்கி வந்தேன். ஆத்தா வாசலிலேயே வாங்கி, சாம்பிராணிப் புகையில் காட்டி, ஓலைப்பெட்டியில் வைத்துச் சாமி மூலையில் மூடி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஆத்தா காலையில் பெட்டியைத் திறந்து கொஞ்சம் மரிக்கொழுந்து வைத்துவிட்டு மூடியிருந்தாள். மூடி சரியாக அமரவில்லை போலிருக்கிறது. நான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அண்ணி கூப்பிட்ட குரலில் மாடே தலையைத் தூக்கியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டி மூடி தரையில் கிடந்தது. சித்தாடையின் மேல் செவலைப் பூனை மல்லாந்து கிடந்தது. கரையில் இரண்டு இடத்தில் நூல் பிரிந்து வெளியே நின்றது.

ஆத்தா பூனையை அடிக்கவில்லை. முறம் இரவல் வாங்க வந்த இரண்டு பெண்கள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, பார்த்து, பூனையைத் தூக்கிக்கொண்டாள். அப்போது அண்ணி மெதுவாகச் சொன்னார்:

"கொழுந்தனாருதான் ஊரைக் கூட்டிக் காமிச்சாரே. அவ உடம்புல படாத துணியில இது படுக்காதுன்னு."

எல்லாருக்கும் விளங்க ஒரு நொடி ஆனது. விளங்கியதும் ஆத்தாவின் முகம் கறுத்தது.

"எம் மகளுக்கு வச்ச துணியை எடுத்து உடுத்திப் பாத்தியா?" என்று உங்கள் அம்மாவைக் கேட்டாள்.

"இல்ல அத்தை. தொடக்கூட இல்ல."

"பூனை பொய் சொல்லுமா? உம் புருசன் மூணு நாளு காட்டுனான்ல."

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். பிள்ளைகளே, எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கண்டுபிடிப்பு தப்பாது, ஆகவே அவள்தான் உடுத்திப் பார்த்திருக்கிறாள். புதுத்துணி கண்டு ஆசைப்பட்டிருப்பாள், சின்னப் பெண்தானே. இப்படித்தான் ஓடியது என் புத்தி.

ஆத்தா முடிவைச் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை வண்டி கட்ட வேண்டும். உங்கள் அம்மா அவளுடைய அய்யா வீட்டில் இருந்துவிட்டுப் படையல் முடிந்த பிறகு வரலாம். பூனை வரவே வேண்டாம். அதன் பொருள் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாமித் துணியைத் திருடி உடுத்தியவள் என்ற பேரோடு பிறந்த ஊருக்குள் இறங்க வேண்டும். மடியில் துணி விழாது. முறம் வாங்க வந்தவர்கள் முறத்தை மறந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போயாயிற்று.

அவள் மாட்டுக்கொட்டத்துக்கு வந்து கழுநீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பின்னாலேயே போய், யாருக்கும் சொல்லமாட்டேன், எடுத்துப் பார்த்திருந்தால் என்னிடம் மட்டும் சொல் என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "பூனைக்கிட்ட மூணு நாளா அம்புட்டுத் தடவை கேட்டீக. எங்கிட்ட ஒரு தடவையாச்சும் நம்பிக் கேட்டீகளா?" என்றாள். சொல்லிவிட்டுத் தன் பெட்டியை எடுத்து வைக்க உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சொல் என்னைச் சாட்டையால் அடித்தது போல இருந்தது. முற்றத்துக்கு வந்தேன். தீட்டுப்பட்ட துணியைச் சாமி மூலையில் வைக்கக்கூடாது என்று ஆத்தா பெட்டியோடு தூக்கி வெளியே வைத்திருந்தாள். அதைப் பார்த்தேன். விரட்டப்பட்ட பூனை மறுபடியும் அங்கே வந்திருந்தது. பெட்டிக்குள் முன்காலை வைத்துச் சித்தாடையை இழுத்துக்கொண்டிருந்தது.

விரட்டக் கையை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அது பிசையவில்லை!

உட்கார்ந்து உற்றுப் பார்த்தேன். உங்கள் அம்மாவின் சேலையில் கண்ணை மூடிக்கொள்ளும். இங்கே கண் இரண்டும் முத்து மாதிரி விழித்திருந்தன. அங்கே காலை மாற்றி மாற்றி அழுத்தும். இங்கே ஒரு காலால் துணியைப் பிடித்துக்கொண்டு நாக்கால் நக்கியது. சப்பவில்லை, நக்கியது. பிறகு கன்னத்தை வைத்துத் தேய்த்தது. பல்லால் பிடித்து இழுத்தது. திருகைச் சத்தம் இல்லவே இல்லை. துணி முழுவதையும் விட்டுவிட்டு ஒரே ஒரு மூலையில்தான் இவ்வளவும்.

ஓடிப்போய்க் கொடியிலிருந்து உங்கள் அம்மா உடுத்திவிட்டு இன்னும் துவைக்காத சேலையை எடுத்து வந்து பக்கத்தில் போட்டேன். பூனை சித்தாடையின் மூலையை நக்கி முடித்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டது, சேலைக்கு மாறியது. மாறியதும் கண் மூடியது. கால் மாற்றி மாற்றி அழுத்தியது. திருகை சுற்ற ஆரம்பித்தது. ஒரே பூனை, இரண்டு துணி, இரண்டு வேறு காரியம்! பாலுக்காகத் தாய் வயிற்றை அழுத்துகிற குட்டி ஒன்று அந்தச் சேலையில் இருந்தது. சித்தாடையில் இருந்தது பசிக்கு மோப்பம் பிடிக்கிற பூனை. இதை அந்த மூன்று நாளில் நான் ஏன் பார்க்கவில்லை? அது எங்கே படுக்கிறது என்று மட்டும் பார்த்தேன், படுத்து என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை.

அந்த மூலையில் அப்படி என்ன இருக்கிறது? துணியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். சாம்பிராணி. மரிக்கொழுந்து. இன்னும் நெருக்கி மோந்தேன். சாம்பிராணிக்கு அடியில், மெல்ல, நெத்திலிக் கருவாடு.

அந்த நிமிஷத்தில் என் சந்தோஷமெல்லாம் வடிந்து காலில் இறங்கியது. அந்தக் கருவாடு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ராமநாதபுரத்தில் துணி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வருகிற வழியில் கருவாட்டுக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மசக்கையில் உங்கள் அம்மாவுக்கு எதைத் தின்றாலும் வாந்தி. ஒருநாள் தூக்கத்தில் நெத்திலி என்று அவள் முனகியதைக் கேட்டிருந்தேன். படையல் முடிந்ததும் கொடுக்கலாம் என்று ஒரு ஓலைப்பொட்டலம் வாங்கினேன். கையில் இருந்தது ஒரே பை. சாமித் துணி வீடு சேரும்வரை தரையில் படக்கூடாது, ஆகவே பையை மடியில் வைத்துக்கொண்டேன். கருவாட்டைத் தனியே கையில் வைத்தால் பஸ்ஸில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள்; சாமித் துணி எடுக்கப் போனவன் கையில் கருவாடா என்று கேட்பார்கள். அதனால் பொட்டலத்தையும் அதே பைக்குள், துணிக்கு அடியில் திணித்துவிட்டேன். தரையில் படாமல் காத்த துணியைக் கருவாட்டின் மேல் உட்கார வைத்துக் கொண்டுவந்தேன். ஊர் வந்ததும் பொட்டலத்தை மட்டும் எடுத்து மாட்டுக்கொட்டத்துக் கூரையில் செருகினேன். ஆத்தாவின் புகையில் மனுஷ மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

சொன்னால் சாமிக் குற்றம் என் தலையில். பெண்டாட்டிக்கு ஒளித்துத் தீனி வாங்கி வருகிறவன் என்ற கேலி வேறு. கூட்டுக் குடும்பத்தில் அதைவிடக் கேவலம் கிடையாது. சொல்லாவிட்டால் வியாழக்கிழமை வண்டி. அவள் பெட்டிக்குள் துணியை மடித்து வைக்கிற சத்தம் முற்றம்வரை கேட்டது. நான் எழுந்து எல்லாரையும் கூப்பிட்டேன்.

ஆத்தா வந்தாள், அய்யா வந்தார், அண்ணி வந்தார். உங்கள் அம்மா நிலையருகே நின்றாள். பூனையை மறுபடி விட்டுக் காட்டினேன். இங்கே நக்குகிறது பாருங்கள், அங்கே பிசைகிறது பாருங்கள் என்று குதிக்காத குறையாகச் சொன்னேன். அய்யா உட்கார்ந்து பார்த்தார். "ஆமால்ல" என்றார்.

அண்ணி விடவில்லை. "அவளைத் தேடலைன்னா பின்ன என்னத்தைத் தேடுதாம்?"

"கருவாட்டை" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பையைச் சொன்னேன், பஸ்ஸைச் சொன்னேன், கூரையில் செருகியதைச் சொன்னேன். யாருக்காக என்பதை மட்டும் சொல்ல வாய் கூசியது. ஆத்தா கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். அய்யா, இதைக் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே கொட்டத்துக் கூரையிலிருந்து பொட்டலத்தை உருவிக்கொண்டு வந்தார்.

ஆத்தா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கலியாணமானவன் என்று பார்க்கிறவள் அல்ல அவள். ஆனால் அவள் சித்தாடையை எடுத்து அந்த மூலையை மோந்து பார்த்தாள். மறுபடி மோந்தாள். முகத்திலிருந்து அதை எடுக்கவே இல்லை. அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவளுக்கு நெத்திலின்னா உசுரு" என்றாள். "சோத்தைத் தள்ளி வச்சுட்டு அதைத்தான் மொதல்ல திம்பா. முள்ளுக்கூட மிஞ்சாது."

நான் அதுவரை அக்காவைப் பற்றி ஆத்தா அப்படிப் பேசிக் கேட்டதில்லை. சாமி என்றுதான் சொல்வாள். சாமிக்கு மஞ்சள் பிடிக்கும், சாமிக்குக் கவிச்சி ஆகாது என்பாள். கருவாட்டுக்கு அடம் பிடித்த ஒரு பத்து வயதுப் பெண் எனக்கு அன்றுதான் தெரிந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஆத்தா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். பழைய ஆத்தாவாகிவிட்டாள். "அதுக்காகச் சாமிக்குக் கருவாட்டு வாடைத் துணியா வைக்க முடியும்? போலே, போயி வேற எடுத்துட்டு வா" என்றாள். பொட்டலத்தை அய்யாவிடமிருந்து பிடுங்கி, விரதம் முடியட்டும் என்று உங்கள் அம்மாவிடம் நீட்டினாள். வாய்க்கு வேண்டியதைத் தன்னிடம் கேட்டிருக்கக்கூடாதா என்று அவளையும் ஒரு ஏச்சு ஏசினாள். தப்பாகப் பேசிவிட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தச் சொல் ஆத்தாவின் வாயில் வராது.

வியாழக்கிழமை வண்டி கட்டவில்லை. நான் குளித்துவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். இந்தத் தடவை பையே கொண்டுபோகவில்லை. புதுச் சித்தாடையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, கம்பியைப் பிடிக்கவும் கையில்லாமல், பள்ளம் மேட்டுக்கெல்லாம் ஆடி ஆடி நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. படையல் நன்றாக நடந்தது. போன வருஷத்துச் சித்தாடை உங்கள் அம்மாவின் மடியில் விழுந்தது. பெரியவனே, நீ பிறந்து அதில்தான் கிடந்தாய். செவலைப் பூனையும் உன் கால்மாட்டில் வந்து கிடந்தது, அது உனக்காகவா துணிக்காகவா என்று நான் பந்தயம் கட்டவில்லை.

ஆனால் எனக்கு ஒரு பயம் மட்டும் மிச்சம் இருந்தது. கிணற்றடிக்குப் போன பேச்சு திரும்பி வருமா? வீட்டுக்குள் உண்மை தெரிந்தாயிற்று. தெருவுக்கு யார் சொல்வது? உங்கள் அம்மா மூன்று நாளாகத் தண்ணீருக்குப் போகவே இல்லை. சனிக்கிழமை காலையில் ஆத்தா இரண்டு குடத்தை எடுத்தாள். ஒன்றைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றதை உங்கள் அம்மாவிடம் கொடுத்து, வா என்று ஒரு சொல் சொல்லி முன்னே நடந்தாள்.

நான் பின்னால் போய் வேலியோரம் நின்று கேட்டேன். கிணற்றடியில் அத்தனை பெண்களும் இருந்தார்கள். ஆத்தா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, எம் மருமக மேல ஒரு குத்தமும் இல்லை என்று ஆரம்பித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பை, என் பஸ், கூரையில் நான் செருகிய பொட்டலம், யாருக்காக என்று கேட்டதும் முற்றத்தில் நான் முழித்த முழி, ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினாள். பெண்கள் கயிற்றை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து நாலைந்து வருஷம் நம் ஊரில் எனக்குக் கருவாட்டு மாப்பிள்ளை என்று பேர். டீக்கடையில் கூப்பிட்டார்கள், கண்மாய்க்கரையில் கூப்பிட்டார்கள். எந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே என்ன என்று கேட்டார்கள்.

வேலியோரம் நின்ற எனக்கு அன்று முகம் எரிந்தது. எரிந்துகொண்டிருக்கும்போதே வேறொரு சிரிப்பும் கேட்டது. நம் ஊருக்கு அவள் வந்து ஒரு வருஷமாக யாரும் கேட்டிராத சிரிப்பு. உங்கள் அம்மா குடத்தைக் கல்லில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்தாமல், அந்தப் பெண்களுக்கு நடுவில் நின்று என்னை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.